இரண்டு லென்ஸும் ரெண்டுவாட்டி அண்ணனும்

லென்ஸுக்கு ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பஸாரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘ரெண்டுவாட்டி’. கடைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடப்பார், பேக்கரி வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். ஒரு கடையில் அரைக் கோப்பைத் தேநீர், எதிர்க்கடையில் அரைக் கோப்பை. எது நல்லது என்ற முடிவை இரண்டு கடைக்காரர்களுக்குமே சொல்ல மாட்டார். “இன்னும் பாக்கணும்” என்பார்.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்குத் தகுதி கிடையாது. நான் பள்ளிக்கூட ஆசிரியை, படித்தவள், மாணவர்களுக்கு ‘தெளிவாக முடிவெடுங்கள்’ என்று போதிப்பவள். என் மகன் பிறந்த பிறகு ஒரு பால் போத்தலைக்கூட என்னால் ஒரே தடவையில் வாங்க முடியவில்லை. அவன் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒழுங்காகப் பார்த்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடி குனிவேன். அதில் அவன் விழித்துக்கொள்வான். அவனைத் தூக்க வருகிற எல்லோரிடமும் கை கழுவினீர்களா என்று இரண்டு தடவை கேட்பேன்.

“மேல ஒன்னு, கீழ ஒன்னு. ஒரே கட்டடத்துல ரெண்டு கேஸு” என்பார் என் கணவர்.

ரெண்டுவாட்டி அண்ணனிடம் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கெமரா இருந்தது. பிலிம் போட்டு எடுப்பது. சாதாரணக் கெமராவைப் போல லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கிற சாமான் இல்லை அது. லென்ஸ் ஒரு பக்கம், நாம் கண் வைக்கிற குட்டி ஜன்னல் வேறு பக்கம். அகலமாகப் பிடிக்கிற லென்ஸ் போட்டால் அந்த ஜன்னலும் போதாது. கெமராவின் தலைமேல் இன்னொரு ஜன்னலைச் செருக வேண்டும். கீழ் ஜன்னலில் பார்த்து ஃபோகஸ் என்கிற துலக்கம் பிடிக்க வேண்டும், மேல் ஜன்னலில் பார்த்து ஆட்களைப் பிடிக்க வேண்டும். அண்ணன் படம் எடுக்கும்போது கோழி தண்ணீர் குடிப்பது போலத் தலை மேலும் கீழும் போய்வரும்.

அவரிடம் அகல லென்ஸ்கள் இரண்டு. ஒன்று ஜெர்மனியில் செய்தது. அதை வாங்க அவர் பரம்பரைக் காணியில் ஒரு துண்டை விற்றதாகப் பஸாரில் பேச்சு. மற்றது சீனாவில் செய்த மலிவுச் சரக்கு. முதலாவதின் பெயர் பெரியவர், இரண்டாவது சின்னவன்.

“பெரியவரு இன்னைக்கு வெளிய வரமாட்டாரு டீச்சர். பனி கூடிப்போச்சு. அவருக்கு ஒத்துக்காது.”

“அப்ப சின்னவன்?”

“அவன் கெடக்கான், எருமை மாதிரி.”

எங்கள் ஊர்ப் பனிக்கு லென்ஸுக்குள்ளே பூஞ்சணம் பிடிக்குமாம். அதனால் பெரியவர் அலமாரிக்குள் எரியும் பல்புக்குப் பக்கத்தில், மெத்தை போட்ட டப்பாவில் படுத்திருந்தார். சின்னவன் கடையில் கரண்டிகளோடு ஒரு ஆணியில் தொங்கினான். பெரியவருக்கு முன்னால் பளபளவென்று ஒரு மூடி உண்டு. அண்ணன் அதைக் குல்லா என்பார். சின்னவனுடைய மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. தேடவில்லை.

எந்தக் காட்சியையும் அண்ணன் இரண்டு தடவை எடுப்பார், பெரியவரால் ஒரு தடவை, சின்னவனால் ஒரு தடவை. விலை கூடியது அந்த விலைக்குத் தகுந்ததுதானா என்று தீர்ப்பு எழுத வேண்டுமாம். பல வருடமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. நேர்கோடு வளைகிறதா என்று பார்க்கத் தேயிலைத் தொழிற்சாலையின் ஜன்னல் வரிசைதான் தோது என்று ஒருநாள் முழுக்க அங்கே நின்றிருக்கிறார். காவலுக்கு நின்றவர், “மாத்தயா, ஐயா இங்க என்ன செய்யுது?” என்று சிங்களத்தில் விசாரிக்க, இவரும் சிங்களத்திலேயே, “உங்கள் கட்டடம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்” என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தோட்டத்தை நடத்தும் துரையே இறங்கி வந்து, கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாராம்.

பிலிம் கழுவி வந்ததும் இரண்டிரண்டு படமாக மாடிக்குக் கொண்டுவருவார். ஒரே மரம், ஒரே பாலம், ஒரே நாய்.

“டீச்சர், இதுல பெரியவரு எது, சின்னவன் எது? படிச்சவங்க சொல்லுங்க.”

அதில் சிரித்துவிட்டு விலகியிருக்கலாம். எனக்கு அது பரீட்சையாகிவிடும். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓரங்களைத் தடவிப் பார்த்து, “இதுதான் பெரியவர். ஒரு கம்பீரம் தெரிகிறது” என்பேன்.

“அது சின்னவன்.”

“அப்படியா? எனக்கும் ஒரு சந்தேகம் இருந்ததுங்க.”

ஒரு தடவையும் நான் சரியாகச் சொன்னதில்லை. மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் பிழையாகவே போனது.

ஒரு மாலை மகனுக்கு உடம்பு சுடுவது போல இருந்தது. வீட்டில் இருந்த இரண்டு தெர்மோமீட்டரும் இரண்டு விதமாகக் காட்டின. ஒன்று காய்ச்சல் என்றது, மற்றது இல்லை என்றது. கணவர் வேலையில். அழுகிற நிலையில் கீழே ஓடினேன். அண்ணன் முகம் மலர்ந்துபோனது.

“ரெண்டும் ரெண்டு விதமாவா? குடுங்க, குடுங்க.”

ஒன்றை வலது கக்கத்திலும் மற்றதை இடது கக்கத்திலும் வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். பிறகு இடம் மாற்றி வைத்தார். பானை வாங்க வந்த ஒரு அம்மா, அவர் கையைத் தூக்காமல் சில்லறை கொடுப்பதைப் பார்த்துப் பயந்து வெளியேறினார். கடைசியில் அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: “டீச்சர், இந்த ரெண்டும் பொய் சொல்லுது. புள்ள மூஞ்சியப் பாருங்க. அவன் சிரிக்கிறான்.” சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குச் சட்டை மூன்று போட்டுவிட்டிருந்தேன். அதுதான் சூடு.

இந்த மனிதரைத்தான் மகனுடைய காதுகுத்துக்குப் படம் பிடிக்க நான் கூப்பிட்டேன்.

காரணம் என் மாமியார். கணவரின் வீடு லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். கணவரின் தங்கை செல்வி வீட்டு வேலைக்குக் குவைத் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். நான்கு வயது மகள் கவிஷாவை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறாள். காதுகுத்து முடிந்த மறுவாரம் விமானம்.

“எல்லாரும் ஒரே படத்துல நிக்கணும்மா” என்றார் மாமியார். “அந்தப் புள்ள அவ அம்மாவோட, நம்ம எல்லாரோடயும் நிக்கிற மாதிரி. துண்டு துண்டா வேணாம். செவுத்துல மாட்டி வச்சா அது பாத்துக்கிட்டு இருக்கும்.”

அங்கேதான் சிக்கல். லயத்து வாசல் என்பது ஒரு பாய் அகலம். அதற்கப்பால் தண்ணீர் ஓடும் கான். கானைத் தாண்டினால் நிலம் நேரே தேயிலைக்குள் இறங்குகிறது. படம் எடுக்கிறவர் பின்னால் போக வழியே இல்லை. போனில் எடுத்தால் பாதிக் குடும்பம் வெளியே நிற்கும். எங்கள் போன்களும் பழையவை. அகல லென்ஸ் வேண்டும். அகல லென்ஸ் என்றால் அண்ணன்.

“பெரியவரு வருவாரா அண்ணே?” என்று கேட்டேன். என்னையறியாமல் நானும் மரியாதைக்கு மாறியிருந்தேன்.

“காதுகுத்துல்ல? கட்டாயம் வருவாரு.”

கோயிலில் முடி இறக்கி, காது குத்தி, மகன் ஊரையே கூட்டி அழுது ஓய்ந்த பிறகு வாசலுக்கு வந்தோம். அண்ணன் கானுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து, தேயிலைச் செடி முதுகில் குத்த நின்றுகொண்டு ஒரு எச்சரிக்கை செய்தார். செய்யாமல் இருந்திருக்கலாம்.

“அகல லென்ஸுங்க. ஓரத்துல நிக்கிறவங்கள கொஞ்சம் இழுத்துக் காட்டும். நடுவுல நிக்கிறவங்க ஒழுங்கா இருப்பாங்க.”

அவ்வளவுதான். மொத்தக் குடும்பமும் நடுவுக்குப் பாய்ந்தது.

“நான் ஏற்கெனவே குண்டு. என்னைய எதுக்கு இழுக்கணும்?” என்று கணவரின் பெரியம்மா நடுத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“நீ தள்ளு பெரியம்மா, ஒன்னைய இழுத்தா பக்கத்து லயம் வரைக்கும் வரும்” என்றார் கணவரின் தம்பி, இள வயதிலேயே வழுக்கை விழுந்தவர்.

“வாய மூடுடா, மொட்டைக் கெழவா!”

மொட்டை அடித்த என் மகன் மறுபடி அழ ஆரம்பித்தான். நான் நடுவில்தான் நின்றேன். தாயும் பிள்ளையும் நடுவில் நிற்பது முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகம் இழுபடும் பயம் அதில் கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“நான் நிக்கிறேன் ஓரத்துல” என்றாள் செல்வி. “போறவதானே, எப்பிடி இருந்தா என்ன.” கவிஷாவைத் தனக்கு முன்னால் நிறுத்தி, ஒரு கையால் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மரியாதை பெரியவருக்கு. அண்ணன் கீழ் ஜன்னலில் பார்த்தார், மேல் ஜன்னலில் பார்த்தார், கோழி நிறையத் தண்ணீர் குடித்தது. மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. “சிரிங்க!” கிளிக் என்று சத்தம் கேட்டது. குடும்பம் கலைந்தது.

“நில்லுங்க, நில்லுங்க! இன்னொருவாட்டி! சின்னவன் எடுக்கணும்!”

“அதான் எடுத்தாச்சே. சோறு ஆறுது” என்றார் மாமியார்.

“விடுங்கண்ணே, போதும்” என்றார் கணவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புத்தியுள்ள மருமகள் என்றால் ‘போதும்’ என்று சொல்லியிருப்பாள். பனி, பசி, பிள்ளையின் அழுகை. ஆனால் ஒன்றை நம்பிச் சும்மா இருப்பது என் உடம்பிலேயே இல்லாத பழக்கம்.

“நில்லுங்க” என்றேன். “இன்னொன்று எடுக்கட்டும்.”

“ரெண்டு கேஸும் சேந்துடுச்சுப்பா” என்று கணவர் முணுமுணுத்தார். நின்றார்கள். சின்னவன் எடுத்தான்.

செல்வி போய்விட்டாள். கட்டுநாயக்க விமான நிலையம் வரை கணவர்தான் கொண்டுபோய் விட்டார். அதற்கும் பிறகுதான் கொழும்பில் கழுவக் கொடுத்த பிலிம் திரும்பி வந்தது. அண்ணன் மாடிக்கு வந்து, வாசலிலேயே நின்றார்.

“டீச்சர். பெரியவரு…”

“என்ன அண்ணே?”

“குல்லாவக் கழட்டாம நின்னுட்டாரு.”

படம் கறுப்பு. லென்ஸின் மூடியை அவர் கழற்றவே இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர்க்காரர்களுக்கென்றே உள்ள விபத்து இது. பார்ப்பது வேறு ஜன்னல் வழியாக என்பதால், லென்ஸ் மூடியிருந்தாலும் குடும்பம் பளிச்சென்று தெரியும். பெரியவரைக் கழற்றிச் சின்னவனை மாட்டும்போது மூடியைப் பார்த்திருக்கிறார். படம் எடுத்து முடிந்ததும் தானே போட்டதாக நினைத்து, ‘பரவாயில்ல, நல்ல பழக்கம்’ என்று தன்னைத் தானே மெச்சியும் இருக்கிறார்.

“சின்னவன்?” என்று கேட்டேன். மறுபடி நின்று எடுக்கச் செல்வி இங்கே இல்லை.

“அவன் எடுத்துட்டான். ஆனா அசிங்கமா இருக்கு. அந்தப் புள்ளைக்கிட்ட இத எப்பிடிக் குடுக்கிறது?”

நான்கு மூலையும் இருட்டு. பனியில் நடுப்பகுதி வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில் பெரியம்மா தூணைக் காட்டிலும் மெலிந்து தெரிந்தார், அந்த அளவில் அவருக்கு லாபம். ஓரத்தில் செல்வி. முகம் தெளிவாக இருந்தது. ஆனால் மகளைச் சுற்றிப் பிடித்திருந்த கை, லென்ஸ் இழுத்த இழுப்பில், யாருக்கும் இல்லாத நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

அண்ணன் கண்டியில் ஒருவரிடம் கொடுத்துக் கணினியில் திருத்தினார். மூலை வெளுத்தது, கை ஒழுங்கான அளவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு எங்களோடு லிந்துலைக்குப் பஸ் ஏறினார்.

கவிஷா முன்னால் இரண்டையும் பாயில் வைத்தார். என்னிடம் கேட்கும் அதே கேள்வி.

“பாப்பா, இதுல எது நல்லாருக்கு?”

அவள் என்னைப் போல வெளிச்சத்தில் பிடிக்கவில்லை, ஓரத்தைத் தடவவில்லை. சட்டென்று நீளக் கைப் படத்தை எடுத்துக்கொண்டாள்.

“இது.”

“அதுல கை கோணலா இருக்கேடா.”

“அம்மா கை பெருசா இருக்கு. நல்லா புடிச்சிருக்காங்க.”

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, “எம்மாம் தூரத்துல இருந்து புடிக்கணும்” என்றார்.

அண்ணன் திருத்திய படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்கவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தலவாக்கலை தாண்டும்வரை வெளியே பனியைத்தான் பார்த்தார், அல்லது பார்ப்பது போல இருந்தார். நான் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த என் மகனை அவர் மடியில் வைத்தேன். கை கழுவினீர்களா என்று கேட்கவில்லை.