கட்டிங் மாஸ்டரின் ஒட்டகச்சிவிங்கி

முதலில் ஒரு விடுகதை. யானை வந்தால் ஒரு பிடி. கரடி வந்தால் ஒன்றுமே இல்லை. ஒட்டகச்சிவிங்கி வந்தால் கிண்ணம் நிறைய. அது என்ன?

யோசித்துக்கொண்டே வாருங்கள், அவசரமில்லை. எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதுவும் விடையைக் கிண்ணத்தில் வைத்து முகத்துக்கு நேரே நீட்டிய பிறகுதான் தெரிந்தது.

நான் ஒரு தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். துணியை மேஜையில் விரிப்பேன். அட்டையை வைப்பேன். கோடு போடுவேன். வெட்டுவேன். பதினெட்டு வருடத்தில் ஒரு சட்டைக்குக்கூட இரண்டு இடது கை வெட்டியதில்லை. எனக்கு ஒரு கர்வமும் உண்டு. நான் ஒரு சட்டை வெட்டினால், மிஞ்சிய துணியில் பொம்மைக்குக் கைக்குட்டைகூடத் தைக்க முடியாது. அவ்வளவு சிக்கனம்.

என் மனைவி பேருந்து நடத்துநர். எண்பது பேர் நெரிசலில், யார் எங்கே இறங்கப்போகிறார்கள் என்பது அவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். எப்படி என்று கேட்டால், "கையைப் பாத்தா தெரியும்ங்க. இறங்கப் போறவங்க பையை இறுக்கிப் பிடிப்பாங்க" என்பாள். அவளுடைய விசில் வீட்டில் ஆணியில் தொங்கும். ஆனால் வீட்டு வண்டி நிற்பதும் கிளம்புவதும் அவள் சொல்லித்தான்.

எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். வாண்டு என்று கூப்பிடுவோம். ஒருநாள் அவள் பையில் பள்ளி ஆசிரியை எழுதிய சீட்டு இருந்தது. 'இரண்டாவது பாடவேளையிலேயே மேஜைமேல் தலையைச் சாய்த்துவிடுகிறாள். காலையில் ஏதாவது சாப்பிடுகிறாளா?'

எங்கள் வீட்டில் காலைச் சமையல் முறை வைத்து நடக்கும். ஒருநாள் நான், ஒருநாள் அவள். ஐந்தரை மணிக்கு எழ வேண்டும். சீட்டைப் படித்ததும் வழக்கு ஆரம்பித்தது.

"உங்க முறை அன்னைக்குத்தான் பிள்ளை பட்டினியா போறா" என்றாள் மனைவி.

"உன் முறை அன்னைக்கு மட்டும் பந்தியில உக்காந்து ஏப்பம் விடுறாளா? நேத்து நீ குடுத்த ரொட்டியை நாலு கடி கடிச்சா. நாலாவது கடி அவ நகத்தை."

"சரி, என்னதான் பண்ணலாம்? சொல்லுங்க."

அப்போதுதான் அந்த மாபெரும் முடிவு என் மண்டையில் உதித்தது.

"போட்டி வச்சுக்கலாம். மூணு நாள். நீ ஒரு தட்டு, நான் ஒரு தட்டு. யார் தட்டை எடுக்கிறாளோ அவங்களுக்குப் புள்ளி. தோத்தவங்க இந்தப் பள்ளி வருஷம் முடியறவரைக்கும் தினமும் அஞ்சரைக்கு எழுந்திரிக்கணும். ஜெயிச்சவங்க ஏழு மணிவரைக்கும் தூங்கலாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். படியில் தொங்குகிறவரை ஏற இறங்கப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"கத்தரிக்கோல்மேல ஆணை."

"சரி" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

முதல் நாள் யானை. சட்டைப் பெட்டியின் அட்டையில் யானை வரைந்து வெட்டினேன். ரொட்டித் துண்டின் மேல் வைத்து, சின்னக் கத்தியால் ஓரம் பிசகாமல் அறுத்தேன். வெண்ணெயில் பொன்னிறமாக வாட்டினேன். மேலே சாக்லேட் தடவினேன். வாழைப்பழ வில்லையில் காது, உலர்ந்த திராட்சையில் கண். யானை தட்டில் நின்று என்னைப் பார்த்தது. எனக்கே கும்பிடத் தோன்றியது.

மனைவியின் தட்டில் வெறும் ரொட்டி, வெண்ணெய்.

வாண்டு யானைத் தட்டை இழுத்துக்கொண்டாள். யானையைத் தண்ணீர்க் குவளைவரை நடத்திக்கொண்டு போனாள், தண்ணீர் காட்டினாள், திரும்பக் கூட்டிவந்தாள். வாலை மட்டும் கடித்தாள்.

"எடுத்தா பாத்தியா? எனக்கு ஒண்ணு" என்றேன்.

"உங்களுக்குத்தான்" என்றாள் மனைவி. "கண்ணு எவ்வளவு உயிரா இருக்கு. எப்படிங்க வச்சீங்க?"

பதினொரு வருட மணவாழ்வில் என் கைவேலையை அவள் இப்படி வாய்விட்டுப் பாராட்டியது இதுவே முதல்முறை. எனக்குச் சட்டை இறுக்கமானது போல இருந்தது. அவளோ பேசிக்கொண்டே வாண்டுக்குத் தலை வாரிவிட்டாள். நடுநடுவே என் மேஜையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து மகளின் வாயில் போட்டாள். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கண் யானைமேல் இருந்தது.

இரண்டாம் நாள் கரடி. மாவு, முட்டை, பால், கொஞ்சம் சர்க்கரை. நன்றாக அடித்துக் கல்லில் வட்டமாக ஊற்றினேன். பெரிய வட்டம் முகம். இரண்டு சின்ன வட்டம் காது. தேனில் பளபளப்பு. ஒரு சொட்டு மாவு வீணாகவில்லை. வாண்டு கைதட்டினாள். பிறகு அவள் முகம் மாறியது.

"அப்பா, இதைச் சாப்பிட்டா கரடிக்கு வலிக்குமா?"

"வலிக்காதுடா. அது மாவு."

"ஆனா என்னையே பாக்குதே."

கரடியைத் திருப்பி வைத்தாள். முதுகைப் பார்த்தும் பாவமாக இருந்ததாம். கடைசியில் அதைத் தன் பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினாள். மனைவியின் ரொட்டியை அவள் தொடவில்லை.

"ரெண்டுக்குப் பூஜ்யம்" என்றேன்.

"பென்சில் பெட்டியில எறும்பு வரும்."

"அது வேற விஷயம். எடுத்தாளா, இல்லையா?"

"எடுத்தா. பள்ளிக்கூடத்துல போய் மறுபடியும் மேஜைமேல தலை சாய்ப்பா" என்றாள் மனைவி. அதில் கேலி இல்லை. எனக்கும் ஒரு கணம் சுருக்கென்றது. ரொட்டியில் ஒரு துண்டையாவது ஊட்டிவிடலாம் என்று நான் எழுந்தபோது பள்ளி வண்டி வந்துவிட்டது.

அன்று மாலை மனைவி மெதுவாக வந்தாள்.

"என்னங்க, ரெண்டு புள்ளி எடுத்துட்டீங்க. ஒரு சின்னச் சலுகை கேக்கலாமா?"

"கேளு" என்றேன். தோற்கிறவர்களிடம் எனக்கு இரக்கம் அதிகம்.

"பழைய புள்ளியை விட்டுட்டு நாளைக்கு மட்டும் கணக்கு வச்சுக்கலாம். எதை எடுக்கிறாங்கிறதை விட்டுடலாம். யார் பண்ணினதை முழுசா சாப்பிடுறாளோ, அவங்க ஜெயிச்ச மாதிரி."

"தாராளமா."

"அப்புறம் இன்னொண்ணு. நாளைக்கு ஒட்டகச்சிவிங்கி பண்ணுங்களேன். உங்க கைக்கு யானை, கரடியெல்லாம் ரொம்பச் சுலபம். நீளக் கழுத்து, மெலிசா நாலு கால், தனியா வால். வேற யாரால அப்படி அறுக்க முடியும்?"

கேட்டீர்களா? போட்டியாளரே எனக்கு மிருகம் எடுத்துக் கொடுக்கிறாள். நான் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டேன்.

அங்கே சட்டைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா இருந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி, நான் வரைந்து வெட்டிய அட்டையைப் பார்த்தார்.

"மாஸ்டர், இது என்ன ஏணியா?"

"ஒட்டகச்சிவிங்கிக்கா. ரொட்டியில வெட்டப்போறேன்."

"கழுத்துக்கு ரெண்டு பக்கமும் வீணாப் போகுது. காலுக்கு நடுவுல வீணாப் போகுது. துணியா இருந்தா இப்படி வெட்டுவீங்களா?"

"சமையலறையில அந்தக் கணக்கெல்லாம் பாக்கக் கூடாதுக்கா. அது கலை."

"கலைன்னா சரி" என்று அவர் அடுத்த காஜாவுக்குப் போய்விட்டார். அவர் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் இன்று ஏழு மணிக்கு எழுந்துகொண்டிருப்பேன்.

மூன்றாம் நாள். ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். கழுத்து நான்கு முறை ஒடிந்தது. நான்கு ரொட்டித் துண்டு காலி. ஐந்தாவதில் கழுத்து நின்றது. மஞ்சள் நிறம் வேண்டும் என்பதற்காக முட்டையின் மஞ்சளை மட்டும் எடுத்துப் பூசி வாட்டினேன். சாக்லேட்டை உருக்கி, குச்சியால் தொட்டுப் புள்ளி வைத்தேன். பாதி வாழைப்பழத்தில் வில்லை போட்டுப் புல்வெளி அமைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மணி ஆறரை, மேஜை போர்க்களம்.

மனைவி கொட்டாவி விட்டபடி வந்தாள்.

"அப்பப்பா, என்ன கழுத்து. நீங்க அதுக்கு வாலை ஒட்டுங்க. நான் மேஜையைச் சுத்தம் பண்றேன்."

பாவம், தோல்வியை ஒப்புக்கொண்டு துடைத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கண்கூடக் கலங்கியது. முதுகுப் பக்கம் ஏதோ கலக்கும் சத்தம் கேட்டது. பிறகு பாத்திரம் மூடும் சத்தம். வால் ஒட்டுகிற மும்முரத்தில் நான் திரும்பவில்லை.

ஏழு மணிக்கு வாண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் என் ஒட்டகச்சிவிங்கி, தலை நிமிர்ந்து. இன்னொரு பக்கம் ஒரு பீங்கான் கிண்ணம். மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது. வெண்ணெயும் சாக்லேட்டும் கலந்த மணம். உள்ளே மெத்து மெத்தென்று உப்பி, மேலே லேசாக வெடித்து, பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, முகமே இல்லை.

"அடியில ஒருத்தர் ஒளிஞ்சிருக்கார்" என்றாள் மனைவி. "சட்டையைக் கழட்டினாத்தான் வாய்க்குள்ள வருவார். யாரு?"

வாண்டு ஒரு கரண்டி எடுத்தாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "வாழைப்பழம்" என்றாள்.

"அப்படியா? எனக்குத் தெரியாது. அடியில பாத்தாத்தான் தெரியும்."

வாண்டு தோண்டினாள். கரண்டி கிண்ணத்தில் மோதும் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அடியில் ஒரு வாழைப்பழ வில்லை இருந்தது. "சொன்னேன்ல" என்று அதையும் வாயில் போட்டாள். கிண்ணத்தை விரலால் வழித்தாள். ஒட்டகச்சிவிங்கியை அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய், ஜன்னலோரம் காய்ந்துபோயிருந்த யானைக்குத் துணையாக நிறுத்தினாள்.

நான் கிண்ணத்தைப் பார்த்தேன். மனைவியைப் பார்த்தேன்.

"அதுல என்ன போட்ட?"

"எல்லாம் உங்களோடதுதான்ங்க."

"என்னோடதா?"

"நீங்க வெட்டித் தள்ளின ரொட்டித் துண்டு ரெண்டு கை. நீங்க வேண்டாம்னு வச்ச முட்டை வெள்ளை. அரை டம்ளர் பால், ரெண்டு கரண்டி சர்க்கரை, ஒரு துளி உப்பு. உங்க சாக்லேட் சட்டியை வழிச்சது. கிண்ணத்துல வெண்ணெய் தடவி, நீங்க விட்ட வாழைப்பழத்துல ஒரு வில்லையை அடியில வச்சு, மேல இதையெல்லாம் ஊற வச்சுக் கொட்டி, ரெண்டு விரல் தண்ணி கொதிக்கிற பாத்திரத்துல நிறுத்தி மூடினேன். பன்னண்டு நிமிஷம்."

விடுகதையின் விடை இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிச்சம். யானை ரொட்டியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு பிடிதான் மிஞ்சும். கரடியை ஊற்றினேன், வெட்டவே இல்லை. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தும் காலும் போக மீதி ரொட்டி முழுவதும் மிச்சம்.

"எப்படித் தெரியும் உனக்கு?"

"முதல் நாள் தலை வாரும்போது உங்க யானையோட ஓரத்துண்டைக் கிள்ளி ஊட்டினேன். என்னன்னு பாக்காமலே தின்னா. யானையைச் சாப்பிட அவளுக்கு மனசு வரல. ஓரத்துக்கு மூஞ்சி இல்லையே. ரெண்டாம் நாள் கரடியில ஓரமே இல்ல, பிள்ளை பட்டினி. அதான் ஒட்டகச்சிவிங்கி கேட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வர முயன்றது. ஆனால் பதினெட்டு வருடம் அட்டையும் கையுமாக நின்ற எனக்குப் புலப்படாத வெட்டை, அவள் சீப்பும் கையுமாக நின்று பார்த்திருக்கிறாள். இப்படிப்பட்ட ஒருத்தி என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. நாளை முதல் ஐந்தரைக்கு எழ வேண்டும் என்பது அந்தப் பெருமையைக் கொஞ்சம் குறைத்தது.

அப்போது எனக்கு இன்னொரு யோசனை உதித்தது. கிண்ணத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்தானே. மிருகம் எதற்கு? ரொட்டியைக் கையால் பிய்த்துப் போட்டால் மிச்சம் போலத்தானே இருக்கும்? ஆறரைக்கு எழுந்தால் போதும்.

மறுநாள் ஆறரைக்கு எழுந்தேன். பிய்த்தேன், ஊற வைத்தேன், மூடினேன். அதே மணம், அதே உப்பல். அடியில் இரண்டு வாழைப்பழ வில்லை. மனைவி ஏழு மணிக்கு எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

வாண்டு கரண்டியைக் கையில் எடுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னைக்கு என்ன மிருகம்?"

"இன்னைக்கு மிருகம் இல்லடா. கிண்ணம் மட்டும்."

"அப்ப இது எதோட மிச்சம்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சுவர்க் கண்ணாடியின் ஓரத்தில் நாங்கள் செருகி வைத்த ஆசிரியையின் சீட்டு கண்ணில் பட்டது. இரண்டாவது பாடவேளை எனக்கு ஞாபகம் வந்தது.

"சரிடா. இன்னைக்கு மட்டும் சாப்பிட்டுடு. இது நாளைக்கு வரப்போற மிருகத்தோட மிச்சம். அப்பா நாளைக்குக் காலையில கண்டிப்பா வெட்டுறேன்."

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். கிண்ணம் காலியானது. மனைவி எழுந்து, ஆணியிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"உங்க அப்பாவுக்கு எதை வேணும்னாலும் வெட்டத் தெரியும் கண்ணு. யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு எந்த மிருகம்?"

வாண்டு கரண்டியை நக்கி முடித்தாள். மரவட்டை என்றாள்.