உபதேசியார் ஜெபமும் நார்வே பள்ளிக்கூடமும்

கொட்டாரம்

கர்த்தருக்குள் அன்பான மருமகன் சிஜினுக்கு உன் தாய்மாமன் ரசலையன் எழுதுவது. இங்கு நானும் உன் மாமி ஞானபாயும் கறவை மாடும் சுகம். கிணற்று மோட்டாருக்கு மட்டும் சுகமில்லை. நீயும் உன்னைத் தாங்குகிற தோஹா பட்டணமும் சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக.

நிற்க. இனி நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அறையில் கிடக்கிற பயல்கள் ஒருவனும் நம்பமாட்டான். எழுதுகிற பேனாவே நடுவில் நின்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் என் நரைத்த மீசை மேல் ஆணையாக ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். போனில் சொன்னால், "விஷயத்துக்கு வாரும் மாமா" என்று வெட்டுவாய். கடிதத்தை எவனும் வெட்ட முடியாது. அதனால்தான் லீவு முடிந்து அங்கு திரும்பும் உன் கூட்டாளி ஸ்டெனியின் பெட்டியில், ஏத்தங்காய் சிப்ஸுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன்.

உன் வீட்டுக்காரி ஜினி தலைமையாசிரியையாக இருக்கும் நம் சபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டதால், ஜூனில் அதைத் திறப்பதா, நாகர்கோவிலில் ஒரு பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டு இழுத்துப் பூட்டுவதா என்று பார்க்க ஒரு அதிகாரி வரப்போகிறார் என்பதும், அந்தக் கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் உனக்குத் தெரிந்ததே. அவள் லேசுப்பட்டவளா? "ஊர்ல பிள்ளைய கொறஞ்சா என்ன மாமா, உலகத்துல கெடக்குல்லா" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் வலைவீசி நார்வே தேசத்தில் இங்கா என்றொரு டீச்சரைப் பிடித்து, அதிகாரி வருகிற நாளில் அந்த வகுப்பும் நம் வகுப்பும் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்துவிட்டாள். பேச்சு ஒழுங்காக நடந்தால் பள்ளிக்கூடம் பிழைக்கும், குழம்பினால் பூட்டு.

விருந்தாளி வருகிறார் என்றால் நம் ஊர் சும்மா இருக்குமா? நார்வேயின் படம் விழும் திரைக்கு என் இரட்டை வேட்டியைக் கொடுத்தேன். கோயில் பாக்ஸ் ஸ்பீக்கரைக் கட்டினோம். சோதனைக்கு ஒரு தட்டுத் தட்டியதில் மண்டைக்காட்டுக் கடலில் அலை பின்வாங்கியது. மட்டி வாழைப்பழக் குலை ஒன்று வந்தது, அதைச் சுமக்க யானை வந்தது, யானைக்கு நிற்க இடமில்லாமல் வகுப்புச் சுவரே தானாக நகர்ந்து கொடுத்தது. உன் மாமி ஒரு தூக்குப்போணி நிறைய முந்திரிக்கொத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஏட்டி ஜினி, இத அந்தப் பிள்ளையளுக்கு எப்பிடியாக்கும் குடுக்கியது?"

"காட்டுனா போதும் மாமி."

"காட்டிட்டுக் குடுக்காம இருக்கியது நம்ம குடும்பத்துல உண்டா?"

போணியைக் கேமரா மேலேயே அழுத்தினாள். நார்வே முழுவதும் இருண்டது. அங்கே ஏற்கெனவே வெயிலுக்குப் பஞ்சம், கேட்டியா?

அதிகாரி சிவபிரசாத் சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு என்பதைச் சின்ன வயதிலேயே யாருக்கோ தானம் கொடுத்துவிட்ட முகம். போணியை விலக்கியதும் நார்வே வெளுத்தது, இங்கா டீச்சர் கையசைத்தாள். அப்போதுதான் சபையில் ஜெபம் நடத்தும் நம் உபதேசியார் யேசுரத்தினம் எழுந்து, "கண்களை மூடுவோமாக" என்றார். நம் ஊரில் மோட்டார் சுவிட்சைப் போடுவதற்கே ஜெபம் வேண்டும். உலகத்தையே இணைக்கும்போது விடுவாரா? எல்லோரும் கண்ணை மூடினோம், அதிகாரியும் மரியாதைக்குக் கைகூப்பினார். உபதேசியார் ஆதாமில் ஆரம்பித்து, நோவாவின் பேழையில் ஏறி, நார்வேயின் ராஜாவையும் மீனையும் கரண்ட் கம்பியையும் ஆசீர்வதித்துக்கொண்டு போனார். ஜினி வளர்த்த பிள்ளைகள் ஜெபத்தில் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார்கள். அங்கேயல்லவா வினை! உபதேசியார் கேமராவுக்கு வெளியே நிற்கிறார், அவர் சத்தம் மட்டும் வருகிறது, ஆனால் படத்தில் ஒருவரும் அசையவில்லை. படம் நின்றுபோயிற்று என்று நினைத்து இங்கா டீச்சர் இணைப்பை வெட்டிவிட்டாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் என் வேட்டி மட்டும் வெள்ளையாகத் தொங்குகிறது.

ஜினி வேர்த்து விறுவிறுத்து மறுபடி கூப்பிட்டாள். நார்வே வந்ததுதான் தாமதம், உபதேசியார் எழுந்துவிட்டார்.

"உபதேசியாரே, பேசி முடிச்சிட்டு வச்சுக்கிடலாமே..."

"அறுந்த ஒறவு திரும்பக் கெடச்சிருக்கு. ஸ்தோத்திரம் சொல்லாண்டாமா மக்கா? கண்களை மூடுவோமாக."

அதிகாரி வாட்சைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினார். பாதி ஜெபத்தில் உபதேசியாரை நிறுத்த நம் ஜில்லாவில் ஆள் பிறக்கவில்லை. நான் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தேன். திரையில் இங்கா டீச்சரின் விரல் பொத்தானை நோக்கிப் போகிறது! இன்னொரு தடவை வெட்டினால் பள்ளிக்கூடமே அறுந்தது. இடுப்பு வேட்டியை மடித்துக் கட்டினேன். கேமரா முன்னால் குதித்தேன். ஓசை வராமல் ஓர் ஆட்டம் ஆடினேன் பார், வடதுருவத்துப் பனி அரையடி இறங்கியிருக்கும். சிலைகளுக்கு நடுவே ஒரே ஒரு ஆள் துள்ளுவதைக் கண்டதும் நார்வேக்காரப் பிள்ளைகளுக்குப் படம் உயிரோடிருப்பது விளங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அவர்களும் எழுந்து ஆடினார்கள். ஆமென் என்று எல்லோரும் கண்ணைத் திறந்தால் என் வேட்டி முழுவதும் நார்வே குதிக்கிறது!

"பாத்தீரா ஓய், ஆவியானவரு எறங்கிட்டாரு!" என்றார் உபதேசியார்.

நம் பிள்ளைகளும் குதித்தார்கள். பிறகு பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்! பனி எப்படியிருக்கும் என்று இவர்கள், யானை கடிக்குமா என்று அவர்கள். எதற்காகக் கண்ணை மூடியிருந்தீர்கள் என்று ஒரு பொடியன் கேட்க, நம் வகுப்புப் பிள்ளை ஜெப்சி இங்கிலீஷில், "உபதேசியார் முடிக்கிறதுக்குக் காத்திருந்தோம்" என்றாள். அதிகாரி மூச்சு வாங்கியபடி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், ஜூன்ல வழக்கம்போலத் தொறயுங்க." ஜினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்று இரவு அவள் மூன்று பேர் சோறு சாப்பிட்டாள்.

உன் தலைமேல் கர்த்தரின் கரமும், நீ ஓட்டும் வண்டிக்குள் ஏசி காற்றும் குறையாமல் இருக்க வாழ்த்தும்,

உன் தாய்மாமன்
ரசலையன்

பி.கு.: மேலே உள்ளதை வாசித்துவிட்டு உன் மாமி கரண்டியோடு நிற்கிறாள். ஆகவே: யானை வரவில்லை. சுவர் நகரவில்லை. கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. என் முழங்கால் லட்சணத்துக்கு நான் கட்டிலைவிட்டு எழும்பவே ஆள் வேண்டும், பிறகல்லவா ஆட்டம். ஒரு கண்ணைத் திறந்தேன், அது சத்தியம். திறந்த கண்ணால் கண்டது, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேமரா முன்னால் சத்தமில்லாமல் துள்ளிக்கொண்டிருந்த சிவபிரசாத் சாரை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். ஜினிக்குக்கூட இன்றுவரை தெரியாது, நீயும் சொல்லாதே. பூட்ட வந்த மனிதர் ஆடினார் என்றால் எவன் நம்புவான்? அதனால்தான் நான் ஆடியதாக எழுதினேன்.