ஒட்டுக்கேட்டு எழுதிய நாடகம்

ஐம்பத்தோரு வயதில் நாடக ஆசிரியன் ஆவது என்று முடிவு செய்தேன். முடிவு மட்டும் இருந்தால் நாடகம் ஆகாது, ஆரம்பமும் நடுவும் வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

குடிநீர் அலுவலகத்தில் இருபத்து நாலு வருஷமாக அறிவிப்பு எழுதுகிறவன் நான். 'குழாய்ப் பழுது காரணமாக நாளை தண்ணீர் வழங்கப்பட மாட்டாது' என்பது என் கைவண்ணம். அதைப் படித்தவர்கள் வாளியை நிரப்பிக்கொண்டார்கள். மனசை நிரப்பிக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை. நான் எழுதிய வரியை ஒரு மனுஷர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதை நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். சாவதற்குள் ஒரு தடவை நடந்தால் போதும். இதுதான் என் ஆசை. தயவுசெய்து சிரிக்காதீர்கள், வகுப்பில் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள்.

நூலகத்து மாடியில் நாடகம் எழுதப் பயிற்சி, சனிக்கிழமை தோறும், ஆறு வாரம். சேர்ந்துவிட்டு வந்து வீட்டில் சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நாடகமா? அதுல ஆளுங்க பேசணுமே.”

“ஆமா.”

“உங்களுக்கு அது எப்படி வரும்?”

இதற்கு நான் “ம்” என்றேன். என் பதில் பெரும்பாலும் அதுதான்.

முதல் வகுப்பில், கணவன் மனைவி சண்டையை எழுதிப் படித்தேன். 'மேற்படி விஷயம் தொடர்பாக நீ நேற்றுத் தெரிவித்த கருத்து என் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது' என்று கணவன் ஆத்திரத்தில் கத்துகிற கட்டம். பதினோரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது சோகக் காட்சி.

டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மனசு நோகாமல்தான் சொன்னார். “சார், உங்க பாத்திரங்கள் எல்லாம் முத்திரை குத்திட்டுப் பேசுறாங்க. வீட்ல எப்படிப் பேசிக்கிறாங்கன்னு காது கொடுத்துக் கேளுங்க. அதை எழுதுங்க.”

காது கொடுக்கச் சொன்னார். நான் ஒட்டுக்கேட்க ஆரம்பித்தேன்.

தினமும் மாலை ஆறரைக்கு என் மனைவி பின்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து தன் தங்கைக்குப் போன் பேசுவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதை நான் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துத்தான் வைத்திருந்தேன். இப்போது கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். முதல் நாளே புதையல் கிடைத்தது.

“அவர் நல்லவர்தான்டி. பிரிட்ஜ் மாதிரி. ஓரமா நிப்பார், 'ம்'முன்னு ஒரு சத்தம் வரும். தொறந்து பாத்தா நேத்து வெச்சதுதான் இருக்கும்.”

ஆத்திரப்பட நேரமில்லை. எழுதிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை படித்தபோது வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை சிரிக்க வேண்டிய இடத்தில். யார் சொன்னது என்று டீச்சர் கேட்டார். கற்பனை என்றேன். கடைசி வாரம் மூன்று நாடகங்களை மட்டும் எல்லார் முன்னாலும் படிக்கப் போவதாகவும், முடிவு நன்றாக அமைந்தால் இதுவும் அதில் ஒன்று என்றும் சொன்னார். அன்று மாடிப்படியில் நான் இறங்கவில்லை, மிதந்தேன்.

நோட்டை அலமாரியில் என் பழைய அறிவிப்புக் கட்டுக்குள் ஒளித்து வைத்தேன். இருபத்து நாலு வருஷமாக யாரும் தொடாத கட்டு அது.

இரண்டாம் வாரத்திலிருந்து அதிர்ஷ்டம் என் பக்கம். மனைவி நிறுத்தி நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். “கேக்கலையா? திரும்பச் சொல்றேன்” என்று நல்ல வரிகளை இரண்டு தடவை சொன்னாள். மச்சினிக்கு இந்த வயதில் காது மந்தமாகிவிட்டதே என்று பரிதாபப்பட்டேன். ஒரு நாள் என் பேனா மை தீர்ந்துவிட்டது. அதே நேரம் “இரு, தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்று அவளும் பேச்சை நிறுத்தினாள். நான் வேறு பேனாவோடு வந்து உட்கார்ந்ததும் தொடர்ந்தாள். கடவுள் எழுத்தாளன் பக்கம்தான் என்று நம்பினேன்.

“நேத்து அவர்கிட்ட, சமையல்கட்டுல ஒட்டகச்சிவிங்கி நிக்குதுன்னு சொன்னேன்டி. 'கதவைச் சாத்திடு'ன்னார்.”

அப்படி நான் சொன்னேனா என்று யோசித்தேன். சொல்லியிருப்பேன் போலத்தான் இருந்தது.

நாலாம் வாரம் டீச்சர், கதையில் ஒரு திருப்பம் வேண்டும் என்றார். திங்கட்கிழமை அதுவும் கிடைத்தது.

“போதும்டி. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பெட்டியைக் கட்டிட்டு உன் வீட்டுக்கே வந்துடலாம்னு இருக்கேன். சுவர்கிட்ட பேசணும்னா அங்கயும் சுவர் இருக்கு.”

கை எழுதிவிட்டது. அப்புறம்தான் அர்த்தம் புரிந்தது. நாடகத்துக்குத் திருப்பம் வந்தது, எனக்குத் தலைசுற்றல் வந்தது. போகாதே என்று சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்டால்? திருடன் எந்த வாயால் போலீசைக் கூப்பிடுவான்?

வேறு வழியில்லாமல் என் போனைக் கீழே வைத்துவிட்டு அவள் பேசுவதை நேராகவே கேட்க ஆரம்பித்தேன். அவளுக்கு இடது முட்டி வலி வந்து எட்டு மாதமாகிறதாம். மாடிப்படியை எண்ணிக்கொண்டேதான் ஏறுகிறாளாம். கண்ணாடி மாற்றாததால் எதையும் கண்ணுக்கு ஒட்ட வைத்துத்தான் படிக்கிறாளாம். இதையெல்லாம் எப்போது சொன்னாய் என்று கேட்டேன். சொன்னபோது நான் “ம்” என்றேனாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை கட்டில் மேல் பெட்டி திறந்து கிடந்தது.

மறுநாள் நாடகம் படிக்கும் நாள். அதற்கு மறுநாள் அந்த ஞாயிறு. என் கையில் நாடகத்துக்கும் முடிவில்லை, வீட்டுக்கும் முடிவில்லை. ஆறரைக்குப் போன் பேச்சு ஆரம்பித்தது.

“அவர் ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னாடி, 'நீ சொன்னதுல பாதியைத்தான் கேட்டிருக்கேன், மீதியை இப்பச் சொல்லு, உக்காந்து கேக்கிறேன்'னு சொல்லட்டும். பெட்டியைப் பிரிச்சுடுறேன். அவ்வளவுதான்டி, முடிஞ்சுது.”

என் மூளை வேலை செய்தது. இதை வீட்டில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் நாடகத்தில் சொல்வது நானல்ல, பாத்திரம். சனிக்கிழமை பதினோரு பேர் முன்னாலே சொல்லிப் பழகிவிட்டு, அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து இவளிடமும் ஒப்பித்துவிடலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். குடும்பத்தோடு வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்ததை மட்டும் வீட்டில் மறைத்துவிட்டேன். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்பு நடையில் சொன்னேன்.

சனிக்கிழமை மாடிக்குப் போனால், இரண்டாவது வரிசையில் மனைவி. பக்கத்தில் மச்சினி.

ஓடிவிடலாம் என்று திரும்பினேன். டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். எழுதினவர் ஒரு பாத்திரத்தைப் படித்தாக வேண்டும் என்பது அவருடைய விதி. கணவன் நீங்கள், மனைவியை யார் படிக்கிறீர்கள் என்று கேட்டார். என் மனைவி எழுந்து வந்தாள். தாளை வாங்கினாள். நாலாக மடித்து நாற்காலி மேல் வைத்தாள். பார்க்காமலே பேச ஆரம்பித்தாள்.

பிரிட்ஜுக்குச் சிரித்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் “ம்” என்ற இடங்களிலெல்லாம் கைதட்டினார்கள். அந்த நாடகத்தில் நான் சொந்தமாக எழுதியது அந்த “ம்” மட்டும்தான்.

கடைசியில் என் வரி வந்தது. எழுத்து மங்கலாகத் தெரிந்தது. “நீ சொன்னதுல பாதியைத்தான் கேட்டிருக்கேன். மீதியை இப்பச் சொல்லு. உக்காந்து கேக்கிறேன்.”

பெட்டியைப் பிரிக்கிறேன் என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். தாளில் வேறு வரி இல்லை. ஆறு வாரப் பயிற்சியும் கைவிட்டது.

“நிஜமாத்தான் கேக்கிறேன்,” என்றேன். “போகாத.”

அதற்குப் பிறகுதான் அவள் தன் வரியைச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

மச்சினி ஓடி வந்தாள். “நல்லா இருந்துச்சு மாமா. ஒண்ணு கேக்கணும். அக்காவுக்கு என்மேல ஏதாவது கோபமா? ஒரு மாசமா போனே பண்ணலையே, இன்னிக்குத்தான் திடீர்னு வீட்டுக்கு வந்து கூட்டிட்டு வந்தா.”

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டீச்சரோடு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். “அப்ப தினமும் யார்கிட்ட பேசின?”

“உங்ககிட்டதான். போன்ல ஆள் இருந்தா என்னை இவ்வளவு பேச விடுவாங்களா?”

“நோட்டைப் பாத்துட்டியா?”

“உங்க அறிவிப்பையெல்லாம் படிக்கிற ஒரே ஆள் நான்தான். அதுக்குள்ளயே கொண்டு போய் ஒளிச்சா? பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு, இவரு நம்ம பேச்சை எழுதிக்கூட வெச்சுக்கிறாரேன்னு. ஆனா பாதி தப்பா எழுதியிருந்தீங்க. மனசு கேக்கல. மறுநாள்லேர்ந்து நிறுத்திச் சொன்னேன்.”

“பெட்டி?”

“பழைய துணி எடுத்து வைக்க இறக்கினேன். உங்க முகம் வெளுத்ததைப் பாத்து அப்படியே விட்டுட்டேன்.”

கோபம் வர வேண்டும். வந்தது சிரிப்பு. முட்டி வலிக்கிறதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு மாடிப்படி ஏறினேன். அடுத்த வகுப்பில் சேரச் சொல்லி டீச்சர் அவளைக் கேட்டிருக்கிறாராம், சரி என்றுவிட்டாளாம். உன் நாடகத்திலாவது எனக்கு நல்ல வேஷமாகக் கொடு என்று பெருந்தன்மையோடு கேட்டேன்.

அவள் சமையலறைக்குள் போய், காலையிலிருந்து தொட்டியில் கழுவாமல் குவிந்து கிடந்தவற்றின் மேல் குழாயைத் திறந்துவிட்டாள்.

“கண்டிப்பா உண்டு. வசனம் குறைச்சல், பாத்திரம் நிறைய.”