தோடி ராகத்தின் நடுவே ஓர் இருமல்

வாழிய மயிலை மாடவீதி மாவீரர்! வெந்நீர் குடித்தே வெஞ்சமர் புரிந்தவரும், நீராவி பிடித்தே நெற்றி வெந்தவரும், சித்தரத்தை மென்று மென்று நாவின் சுரணையையே களபலி கொடுத்தவருமான, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ராகவேந்திரனின் புகழைப் பாடப் புகுந்தோம். அடைப்பில்லாச் செவியுடையோர் கேட்பீராக!

ஊரையே உலுக்கிய வைரஸ் காய்ச்சல் அவர் வீட்டிலும் வந்து ஆண்டுவிட்டுப் போயிற்று. போன மகராசன் சும்மா போகவில்லை. அவர் தொண்டையில் ஒரு குறுகுறுப்பையும் மூக்கில் ஓயாத ஒழுக்கையும் சிற்றரசர்களாக முடிசூட்டிவிட்டே போனான். மிளகுரசப் படை சென்றது, தோற்றது. அதிமதுரமும் பனங்கற்கண்டும் கைகோத்துச் சென்றன, இனித்தன, அவ்வளவுதான். "தானா போயிடும் சார், கொஞ்ச நாள் இருக்கும்" என்று டாக்டர் திருவாய் மலர்ந்தருளினார். இருந்து தொலையட்டும் என்று நம் வீரரும் விட்டிருப்பார், அந்த மார்கழி மதியம் மட்டும் குறுக்கே வராதிருந்தால்.

அன்று அவர் மகள் ஹம்சினிக்குச் சபாவில் முதல் கச்சேரி. காலையிலேயே பிரகடனம் வெளியாயிற்று.

"அப்பா, ஆலாபனை நடுவுல நீ இருமித் தொலைச்சேன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பேசாம ஆத்துலயே இருந்துடேன், ப்ளீஸ்."

"உசுரே போனாலும் இரும மாட்டேன்டீ கொழந்தே!" என்று சபதம் செய்தார் ராகவேந்திரன். செய்து முடிப்பதற்குள் இருமியும் விட்டார்.

ஆனால் முன்யோசனையில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருமல் மிட்டாயின் காகிதம் அரங்கில் சரசரத்தால் அதுவே அபஸ்வரமாகும் என்று கணித்து, அத்தனை மிட்டாய்களையும் வீட்டிலேயே உரித்து, கைக்குட்டையில் முடிந்து, ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். அம்பறாத்தூணி நிறைந்த செருக்கு நடையில் தெரிந்தது. லஸ் முனை நெரிசலில் ஆட்டோ நின்று வெந்தபோது பைக்குள் நடந்த துரோகத்தை அவர் அறியவில்லை.

ஹம்சினி தோடியை எடுத்தாள். மெல்ல மெல்ல ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, அங்கேயே அசையாமல் நின்றாள். குண்டூசி விழுந்தாலும் கேட்கும் அந்தப் பேரமைதியில், இரண்டாம் வரிசையில் வீற்றிருந்த நம் தலைவரின் கண்டத்தில் குறுகுறுப்பு மன்னன் கொடியேற்றி, முரசறைந்து, மூக்கிலிருந்து இறங்கிவந்த நேசப்படையையும் சேர்த்துக்கொண்டு குரல்வளைக் கோட்டையின் கதவை இடிக்கலானான். செவி சிவந்தது, தோள் குலுங்கியது, விழிகள் அருவியாயின.

"பொண்ணு பாடறதைக் கேட்டு எப்படி உருகறார் பாருங்கோ" என்று பின்வரிசை மாமி ஒருத்தி கிசுகிசுத்தாள்.

வலக்கரம் தூணிக்குள் பாய்ந்தது. அந்தோ! அம்புகள் அனைத்தும் உருகி, கைக்குட்டையோடு ஒட்டி, ஒரே உருண்டையாகக் கிடந்தன. பிரிக்க நேரமில்லை. துணியோடு சேர்த்து வாயில் திணித்துக்கொண்டார். புதினா எரித்தது; மேலெழுந்த இருமல் துணியில் முட்டி, மோதி, புரண்டு, மாண்டது. வென்றார் ராகவேந்திரன்! மகளின் தோடியில் ஒரு தூசு விழவில்லை. வாழ்நாளில் எதற்காகவும் அவர் இவ்வளவு அவஸ்தைப்பட்டதில்லை, இவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை.

அப்போது, ஒலிபெருக்கிகள் அதிர, உத்தரம் நடுங்க, எண்திசையும் எதிரொலிக்க எழுந்தது ஓர் இருமல். மேடையிலிருந்து. ஹம்சினியின் இருமல். காய்ச்சல் அவளையும்தான் விட்டுவைக்கவில்லை. தன் தொண்டையும் சரியில்லை என்று சொன்னால் அப்பா கச்சேரியே வேண்டாம் என்பார் என்று அத்தனை நாளும் அடக்கியிருக்கிறாள். துணி அடைத்த வாயோடு அவர் பதறி எழுந்தார். அதுவரை நாகரிகத்துக்காகக் கட்டிக்காத்த அணை உடைந்து, முன்வரிசை, பின்வரிசை, கிசுகிசுத்த மாமி, வயலின்காரர் உட்பட அவை முழுவதும் மனதார இருமித் தீர்த்தது.

ஹம்சினி ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினாள்.