கேம் பெட்டி மாடம் புகு படலம்

வாழி, இழைப்புளி வேந்தே! வலக்காதில் பென்சில் செருகிய வள்ளலே, இடுப்பில் அளவுநாடா தரித்த ஏந்தலே, முரட்டுத் தேக்கையும் முறைத்த தோதகத்தி மரத்தையும் தொட்ட மாத்திரத்தில் தோழமை கொள்ளவைத்த தோன்றலே, வாழி! மரத்தூள் மணக்கும் மார்பும், குறி தவறிய சுத்தியலால் நகம் கறுத்த கட்டைவிரலும் கொண்ட உன் வீரம் பாடப் புகுந்தோம். நாவே, இடறாதே. சிரிப்பே, சற்று வெளியே நில். இரண்டு மகள்களைப் பெற்ற ஒரு தச்சர், வீட்டு டிவிக்கு எந்த கேம் பெட்டி வாங்குவது என்ற சண்டையில் இறங்கிய கதை இது.

பகைவர் யாரெனில், அவன் பெற்ற மகள்களே. கண்ணாடி முன் யார் முதலில் நிற்பது என்பதற்கே முடியைப் பிடித்துக்கொள்ளும் மூத்தவளும் இளையவளும், காணற்கரிய அதிசயமாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஓரணியில் திரண்டனர். அவர்கள் வேண்டியது பெரும்பெட்டி: கார்நிறத்தது, கனத்தது, வயிற்றுள் காற்றாடி சுழல உறுமுவது, ஹெட்செட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முகமறியாத் தோழியரோடு திசையறியாக் காடுகளில் அரக்கர் கூட்டத்தைச் சுட்டுப் பொசுக்க வல்லது. நாயகன் வேண்டியதோ சிறுபெட்டி: கைக்கடக்கமானது, ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தபடி ஒரே சோபாவில் தோளோடு தோள் இடித்து அமர்ந்து கார் ஓட்டத் தக்கது. கார்கள் திரையில் ஓடும் பொம்மைக் கார்கள்தான்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பீர். மகள்கள் வளர்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்ளும் பருவம். பெரும்பெட்டி வந்தால் காதையும் சாத்திக்கொள்வார்கள். சோபாவுக்குப் பின்னால் துண்டோடு குளிக்கப் போகிற ஆளாக மட்டும் அந்தக் கூடத்தில் வாழ அவனுக்கு மனமில்லை. அவர்கள் நடுவே உட்கார ஓர் இடம் வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல மாவீரனுக்கு வெட்கமாக இருந்தது.

இருதரப்பும் சலியாது முழங்கிக்கொண்டிருக்க, தராசுமுள் ஒத்த நெஞ்சினளும் மருந்துக்கடை நடத்தி ஒவ்வொரு மாத்திரை அட்டைக்கும் ஓர் அறை வகுத்தவளுமாகிய இல்லத்தரசி எழுந்தாள், எழுந்து தீர்ப்புரைத்தாள்: "எதை வேணா வாங்குங்க. ஆனா டிவிக்குக் கீழ இருக்கிற அந்த அலமாரி மாடத்துக்குள்ள அடங்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, வந்த வழியே கடைக்குப் போயிரும்!"

மகள்கள் ஆர்ப்பரித்தனர். அலமாரி நாயகனே இழைத்தது. அதன் மாடமோ விசாலமானது. பெரும்பெட்டி தாராளமாக நுழையும் என்று ஸ்கேல் வைத்து முன்பே பார்த்துவைத்திருந்தனர். நாயகன் முகம் தொங்கிப்போயிற்று.

ஆயினும், உளி பிடித்த கை ஓய்ந்திருக்குமோ? மனையாள் கடைக்கும் மகள்கள் வகுப்புக்கும் போன ஒரு பட்டப்பகலில், அவன் தனியனாய் அந்த மாடத்தை முற்றுகையிட்டான். இடப்புறம் ஒரு பலகை, வலப்புறம் ஒரு பலகை, மேலே ஒரு பலகை எனச் செறித்து, பசையிட்டு, இழைத்து, பழைய நிறம் குழைத்துப் பூசி, பிரம்மனே வந்து தடவினும் ஒட்டு எதுவென்று அறியாவண்ணம் மாடத்தைச் சுருக்கினான். கடைக்குப் போய்ச் சிறுபெட்டியைக் களவில் அளந்து வந்திருந்தான். இடுக்கு விட்டவன் தச்சனே அல்லன் என்பது அவன் கொள்கை. எனவே ஒரு தாள்கூடக் கூடுதலாக நுழைய இடம் வைக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டான்.

போர்நாள் புலர்ந்தது. சபை நடுவே அளவுநாடா சீறிப் பாய்ந்தது. பெரும்பெட்டி அடங்காது என்று கையும் களவுமாய், இல்லை, கையும் கணக்குமாய் நிறுவப்பட்டது. இளையவள் கொதித்தாள்: "எப்படிப்பா? போன வாரம் நான் அளந்தப்போ எடம் இருந்துச்சே!"

"மழைக்கு மரம் உப்பும்மா," என்றான் இழைப்புளி வேந்தன்.

"மழையே பெய்யலையேப்பா!"

தீர்ப்பு மாறவில்லை. சிறுபெட்டி வந்தது. மாடத்துள் அது வழுக்கிச் சென்று 'சக்' என்று அமர்ந்த ஓசையில் நாயகன் உச்சி குளிர்ந்தான். திரை ஒளிர்ந்தது, கார்கள் உறுமின, முறைத்த முகத்தோடு மகள்கள் கைப்பிடிகளை எடுத்தனர். பந்தயம் தொடங்கும் தருணம் திரையில் ஓர் அறிவிப்பு: சூடு அதிகம், காற்றோட்டம் இல்லை. பெட்டி அணைந்தது.

தொட்டுப் பார்த்த இல்லத்தரசி கையை உதறினாள். "இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது! வெளிய எடுங்க முதல்ல." எடுக்க வந்தால்தானே! நகத்தால் நெம்பினர், கரண்டிக்காம்பால் நெம்பினர், மூத்தவள் சுவரில் கால் ஊன்றி இழுத்தாள். வேறு வழியின்றி நாயகனே உளியெடுத்துத் தன் பலகையைத் தானே பெயர்த்தான். பலகை விழுந்தது. பின்னால் பழைய மாடம் பல்லைக் காட்டியது.

"இதுதான் உப்புன மரமாப்பா?" என்றாள் மூத்தவள்.

அண்டம் அதிரவில்லை. நாயகன் தலை குனிந்து, கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தான். "பெரிய பெட்டி வந்தா நீங்க ரெண்டு பேரும் காதை மூடிக்கிட்டு ஆடுவீங்க. எனக்கும் உங்ககூட ஆடணும்னு ஆசையா இருந்துச்சு."

மகள்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். மூத்தவள் ஒரு கைப்பிடியை அவன் மடியில் எறிந்தாள். "அதை முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! ஏய், தள்ளி உட்காருடி. அப்பா நடுவுல உட்காரட்டும்."

பழைய மாடத்தில் சூடு ஆறிச் சிறுபெட்டி மீண்டும் ஒளிர்ந்தது. அமர்ந்தான்! இருபுறமும் இரு தோள் இடிக்க, கண்கள் கனல, கைப்பிடியை உளியெனப் பற்றி, கார் திரும்பும் திசையெல்லாம் தன் உடலும் திரும்ப, திரும்பிய வேகத்தில் இரு மகள்களும் சோபா விளிம்புக்கே ஒதுங்க, புழுதி பறக்க, சக்கரம் கதற, மலைவளைவும் மணல்வெளியும் நடுநடுங்க, ஊழிக்காற்றென உறுமிப் பாய்ந்தான் எங்கள் இழைப்புளி வேந்தன்!

அப்பா கடைசியாக வந்தார்.