ஏறாதவர்களுக்கு டிக்கெட்

தண்ணீர் ஓடாத ஆற்றுக்குப் பரிசல் வாங்கி, அதில் ஏறாதவர்களிடம் மட்டும் காசு கேட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்க்காரர். பெயர் கண்டக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கலாம். அந்தக் கார்டை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

அருப்புக்கோட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய வாய் ஓய்வு பெறவில்லை. கல்யாணப் பந்தியில், முன்னால் இடம் காலியாகக் கிடக்கிறது, தள்ளிப் போங்கள் என்று விரட்டுவார். ஒரு துக்க வீட்டு வாசலில் நின்றவர்களைப் படியில் நிற்காதீர்கள் என்று உள்ளே தள்ளிவிட்டார். அழ வந்தவர்கள் சிரித்துத் தொலைத்தார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் ஷிப்டு ஒத்து வரவில்லை என்பார்.

எங்கள் ஊருக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் குண்டாறு. முக்கால்வாசி நாள் அதில் ஆடுகள்தான் நடந்து போகும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தரைப்பாலம் முங்கிவிடும். உயரமான பாலம் வேண்டுமென்று கொடுத்த மனுக்களை அடுக்கி வைத்திருந்தாலே அதன்மேல் ஏறி ஆற்றைக் கடந்திருக்கலாம்.

இதில் அடிபட்டது மில்லுக்குப் போகும் பெண்கள். விடிந்ததும் மில் வேன் அக்கரை ரோட்டில் வந்து நிற்கும். என் அக்கா அதில்தான் போவாள். அத்தான் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்க்கிறாள். ஒரு மழைக்கு ஒரு வாரம் போக முடியாமல் இருந்தாள். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால் அவள் இடத்தில் வேறு பெண் நின்றிருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி மறுபடி சேர்ந்தாள். இன்னொரு தடவை இப்படி நின்றால் வீட்டிலேயே இருந்துகொள் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே அந்த ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அடுத்த சித்திரையில், ஆற்று மணல் காலைச் சுடும் நேரத்தில், காவிரிக் கரையிலிருந்து லாரியில் ஒரு பரிசல் வந்து இறங்கியது. கண்டக்டர் தன் ஓய்வுப் பணத்தில் வாங்கியது. ஊரே கூடி வந்து பார்த்தது. மேல்நிலைத் தொட்டிக்கு மூடியா என்று ஒருவர் கேட்டார். துடுப்புப் போட யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டு கரை மரத்திலும் வடத்தைக் கட்டி, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவது என்று ஏற்பாடு.

அந்த வருஷ மழைக்கு அக்கா ஒரு நாள்கூட மில்லுக்குப் போகாமல் நிற்கவில்லை. இறங்கும்போது யாராவது காசு நீட்டினால் கண்டக்டர் கையைத் தட்டிவிடுவார். நேரே ஊருக்குள் வந்து, காலண்டர் தாளை நாலாகக் கிழித்து, ஏறாதவர்களுக்கு டிக்கெட் கொடுப்பார். முதல் டிக்கெட் மளிகைக் கடை அண்ணாச்சிக்கு.

"நான் எதுக்குய்யா குடுக்கணும்? ஏறுறவுக குடுக்கட்டும்."

"டவுன் பஸ்ஸுல பொம்பளைக சும்மாதான் போறாக. பஸ்ஸு காத்துலயா ஓடுது? ஏறாதவன் காசுலதான் அண்ணாச்சி ஓடுது. அவுக மில்லுக்குப் போனாத்தான் சனிக்கிழமை ஒங்க கடையில சாமான் வாங்குவாக. போகலைன்னா கடன் கேட்டு வருவாக."

அண்ணாச்சி அந்த டிக்கெட்டில் பெருங்காயம் மடித்துக் கொடுத்தார். எனக்கும் டிக்கெட் வந்தது. நான் பாட்டுக்கு வீட்டில் படுத்திருந்ததற்கு எதற்குக் காசு என்று அவரிடம் சண்டைகூடப் போட்டேன். யாரும் கொடுக்கவில்லை.

மறு கோடையில் அவர் கண் ஆப்பரேஷனுக்கு மதுரை போனார். பரிசல் ஆற்றங்கரையில் மல்லாந்து கிடந்தது. மணல் ஒட்டாமல் சுத்தமாக இருக்கிறதே என்று அண்ணாச்சி அதில் மிளகாய் வத்தல் காயப் போட்டுவிட்டார். கோடை முழுக்க மூட்டை மூட்டையாகக் காய்ந்தது. அதைக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வானம் பார்த்த பூமியில் வண்டியைக் கழுவும் வழக்கமே கிடையாது.

முதல் வெள்ளம் வந்து வேகம் அடங்கியதும் பெண்கள் ஏறினார்கள். அடியில் கிடந்த மிளகாய்த் தூள் ஈரம் பட்டு, காலில் ஏறி, கையில் ஏறி, கண்ணுக்குப் போய்விட்டது. நடு ஆற்றில் ஒருத்தி தும்ம, அடுத்தடுத்து எல்லாரும் தும்மி, வடத்தை விட்டுவிட்டார்கள். கண்டக்டர் ஒருவர்தான் பிடியை விடவில்லை. பரிசல் அவரைச் சுற்றி ஆட்டுக்கல் மாதிரி சுழன்றது. உள்ளே தள்ளி நில்லுங்கள் என்று அப்போதும் கத்திக்கொண்டே இருந்தாராம். சிவந்த கண்ணும் ஒழுகும் மூக்குமாக மில்லில் போய் நின்றவர்களைப் பார்த்து, யார் வீட்டில் துக்கம் என்று சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார்.

அதற்கடுத்த கோடையில் பரிசலின் அடி வெடித்துவிட்டது. புது விரிப்பு போட்டுத் தார் பூச வேண்டும், வடமும் நைந்துபோயிருந்தது. கண்டக்டர் கையில் காசில்லை. மழைக்கு முன்னால் சரிசெய்யாவிட்டால் அக்காவின் வேலை அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஆண் இருக்கும் வீடு ஒரு தலைக்கட்டு, முழு வரி. கணவன் இல்லாத வீடு அரை வரி. கல்யாணமாகாத ஆளுக்கு வரியே இல்லை. புரட்டாசியில் கோயில் வாசலில் கூட்டம் போட்டபோது, பரிசல் செலவையும் இந்த வரியில் சேர்க்க வேண்டும் என்று கண்டக்டர் எழுந்தார். கமிட்டித் தலைவர் கையமர்த்தினார்.

"நீ தலைக்கட்டே இல்லையேப்பா. ஒனக்கு வரியும் கெடையாது, பேச்சும் கெடையாது."

கண்டக்டர் உட்கார்ந்துவிட்டார். ஆயுசெல்லாம் ஊரை உள்ளே தள்ளி இடம் பண்ணிக் கொடுத்த மனிதர், ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. ஏறாதவன் எதற்கு வரி கொடுக்க வேண்டும் என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். அதற்கு மேல் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப கோடை முச்சூடும் பரிசல்ல உக்காந்திருந்தது யாரு மொளகா?"

கூட்டம் சிரித்தது. ஒருவர், நானும் மல்லி காயப் போட்டேன் என்றார். இன்னொருவர் ஆட்டுக்குட்டிகளை அதைக் கவிழ்த்துத்தான் அடைத்திருந்தார். மழைக்கு முன்னால் நானே அதற்குள் ஒரு மத்தியானம் தூங்கியிருக்கிறேன். விசாரித்துப் பார்த்தால் எங்கள் ஊரில் பரிசலில் ஏறாதவர் என்று ஒருவரும் இல்லை. அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு, சரி, போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

தலைவருக்குத்தான் இன்னொரு சிக்கல். பேச்சில்லாத ஆள் பேசியதை எப்படித் தீர்மானமாக எடுப்பது, ஏதாவது ஒரு வீட்டின் பேச்சாக வர வேண்டுமே என்றார். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அக்கா முன்னால் வந்தாள்.

"எங்க வீடு அரை வரி வீடுதான். இனிமே முழு வரி தாரோம். இவுகள எங்க அண்ணன்னு எழுதிக்கிருங்க. எங்க வீட்டுப் பேச்ச இவுக பேசட்டும்."

தலைவர் எழுதிக்கொண்டார். கண்டக்டர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மழைக்குப் பரிசல் ஓடியது, அக்கா இன்றைக்கும் மில்லுக்குப் போகிறாள். அவளுக்கு அண்ணன் என்றால் எனக்கும் அண்ணன்தானே. என்னைத் திட்ட வீட்டில் ஒரு மூத்தவர் வந்ததில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.