பதினான்கு டிகிரி சமையலறை

மாவு உப்பவில்லை. ஒரு மணி நேரம் போதும் என்றது புத்தகம். மூன்று மணி நேரமாகியும் அது பாத்திரத்தின் அடியிலேயே பிடிவாதமாகக் கிடந்தது.

"புத்தகம் எழுதினவர் வீட்டுச் சமையலறையில இப்படிக் குளிராது," என்றாள் மனைவி, பாப்பாவை இடுப்பு மாற்றிக்கொண்டே. சுவரிலிருந்த வெப்பமானி பதினான்கு டிகிரி காட்டியது.

இன்ஷூரன்ஸ் வேலையை விட்டு பேக்கரி வைக்கிறேன் என்று அவன் சொன்னபோது, அவள் ஒரே நிபந்தனைதான் போட்டாள். நாற்பது வருடம் பேக்கரி நடத்திய அவளுடைய அப்பா ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வருவார். அவர் வாயால் ஒரு ரொட்டிக்கு 'நல்லாயிருக்கு' வாங்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை ஆபீஸ்.

இன்று ஞாயிறு.

மாவை வெந்நீர் ஹீட்டர் மேல் ஏற்றினான். அடிப்பக்கம் வெந்தது, மேற்பக்கம் விறைத்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஈஸ்ட்டை இரண்டு மடங்காக்கிப் புது மாவு பிசைந்தான். மனைவி பாப்பாவோடு மாடி வீட்டுக்குத் தப்பித்துப் போனாள்.

கடைசி யோசனை. மாவைத் தலையணை உறையில் போட்டு, பாப்பாவின் கம்பளியில் சுற்றி, படுக்கையறைக் கட்டிலில் வெந்நீர்ப் பைக்குப் பக்கத்தில் கிடத்தி ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டான். அரை மணியில் எட்டிப் பார்த்தால், கும்மென்று உப்பியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போதும். சமையலறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைச் செருகி, ஓவனைச் சூடாக்கினான்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, சீக்கிரமே வந்துவிட்ட மாமனாரும் மாமியாரும் பால்கனி வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கையிலிருந்த சாவியால் அவர்களே திறந்துகொண்டார்களாம். வாங்க என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினான்.

மாவு சப்பையாகக் கிடந்தது.

வேறு வழியில்லை. அப்படியே சுட்டான்.

மாமனார் ரொட்டியைப் பிட்டார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாவு நல்லாத்தான் உப்பியிருக்கு. அப்புறம் யாரோ போட்டு அமுக்கியிருக்காங்க."

தொடவே இல்லை என்று அவன் சத்தியம் செய்தான்.

"மாவு பொய் சொல்லாது மாப்பிள்ளை. இது விவரங்கெட்ட கை. இந்தக் கையை என் கடை வாசல்லகூடச் சேர்த்திருக்க மாட்டேன்."

கதவு திறந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்தபடி மனைவி உள்ளே வந்தாள். "தீர்ப்பு ஆயிடுச்சா? ஆபீஸ் சட்டையை இஸ்திரி போடணுமா?"

மாமியார் பாப்பாவைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ உள்ள இருட்டுல உட்கார்ந்து, இவ்வளவு நேரம் நீங்க தட்டித் தட்டித் தூங்க வெச்சது யாரை?"